ஓரம் வெட்டாத பைண்டிங்: ஒரு கொயர் மாஸ்டரின் இசைத்தாள்கள்

எங்கள் பட்டறைக்கு வரும் எந்த நோட்டும் கட்டிங் மிஷினைப் பார்க்காமல் வெளியே போகாது. தைத்து, முதுகுக்குப் பசை பூசி, காய்ந்ததும் மூன்று பக்கமும் ஓரம் வெட்டினால்தான் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் அதைப் பேரேடு என்று ஒத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை என்னுடையது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். வந்திருந்த தாள்களில் முக்கால்வாசிச் சங்கதி ஓரத்தில்தான் இருந்தது.

பெட்டி வந்தது போத்தனூரிலிருந்து. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கொயர் மாஸ்டர் சேர்த்துவைத்த இசைத்தாள்கள். இளவயதில் நானும் அவருடைய சர்ச் பாடகர் குழுவில் பேஸ் என்ற அடிக்குரல் வரிசையில் நின்று பாடியவன். அதனால்தான் அவர் வீட்டம்மா வேறு ஆளைத் தேடவில்லை. "தம்பி, அட்டையெல்லாம் எப்படியோ போகட்டுங்க. அவரு கைப்பட எழுதுனது மட்டும் அழிஞ்சு போயிரக் கூடாது" என்றார். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன, ரெண்டும் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டது.

போத்தனூரில் நாலு குரல் பாட்டு (பெண் குரலில் சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண் குரலில் டெனர், பேஸ்) எப்படி வேர் பிடித்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1862-ல் சென்னையையும் மலபார்க் கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை போத்தனூர் வழியாகத்தான் போனது. கோயம்புத்தூர் டவுனுக்கு அங்கிருந்துதான் கிளை பிரிந்தது. ரயில்வே காலனி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், வீட்டுக்குள் பியானோ, சர்ச்சில் ஆர்கன் என்று அந்த ஊருக்கு ஒரு காது பழகியிருந்தது. மாஸ்டர் பாட்டு கற்றதும் அந்தக் காலனியில்தான்.

தகரப் பெட்டிக்குள் மூன்று ரகம். லண்டனில் நவெல்லோ கம்பெனி அச்சிட்ட சின்ன அளவுப் பாட்டுப் பிரதிகள், கம்பிப் பின் அடித்தவை. அடுத்து, சால்ஃபா என்ற எழுத்துச் சுரக் குறிமுறையில் டைப் அடித்து சைக்ளோஸ்டைல் போட்ட தாள்கள். மூன்றாவது, கழித்துப்போட்ட ரயில்வே படிவங்களின் பின்பக்கத்தில் அவர் கையால் எழுதியவை. மூன்றிலும் கரப்பான், பூச்சி அரிப்பு, துரு, செலோடேப்.

சால்ஃபா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் நம் பக்கத்தில் நாலு குரல் பாட்டே இந்த அளவுக்கு வந்திருக்காது. இங்கிலாந்தில் நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறையை 1840-களில் ஜான் கர்வென் என்ற போதகர் எடுத்து விரித்தார். மிஷனரிகள் அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், பசிபிக் தீவுகள், நம் ஊர் என்று கொண்டு சேர்த்தார்கள். டோ, ரே, மி ஆகியவற்றின் முதல் எழுத்துகள், தாளத்தைப் பிரிக்க முக்காற்புள்ளி, நேர்கோடு. அவ்வளவுதான். பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் பெரும்பாலும் ஆதாரச் சுரம் டோ. கட்டை மாறினாலும் ஸ இடம் மாறாது என்ற கணக்கில் ஊறிய நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே இதை அடித்துவிடலாம் என்பது. ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனை டைப்ரைட்டரால் போட முடியாது. ஸ்டென்சில் தாளில் அடித்து சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டினால் குழுவில் ஆளுக்கொரு காப்பி கையில் வந்துவிடும். ஆபீஸ் முடிந்த பிறகு மாஸ்டர் எந்த டைப்ரைட்டரில் அடித்தார் என்று நான் கேட்டதில்லை. முக்காற்புள்ளி மட்டும் எல்லாத் தாளிலும் கொஞ்சம் கீழே இறங்கி விழுகிறது. ஒரே மிஷின்தான்.

அச்சு முக்கியமில்லை என்று நான் சீக்கிரமே முடிவு செய்தேன். இசையமைப்பாளர் ஹேண்டல் 1759-ல் இறந்தவர்; மெசையா என்ற அவருடைய பெரிய பாட்டுத் தொகுப்பின் நோட்டுகள் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. அரித்துப்போன அச்சுப் பக்கத்துக்கு நல்ல பக்கம் வேண்டுமென்றால் எவரும் இறக்கிக்கொள்ளலாம். மாஸ்டர் சிவப்பு நீலப் பென்சிலால் போட்ட குறிகள் அந்த ஒரே தாளில்தான் இருக்கின்றன. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் ஆல்ட்டோ சுருதி இறங்கும், எந்த வரியில் தமிழ்க் குறில் மேல் நீண்ட சுரம் விழுந்து நெடிலாகக் கேட்கிறது, அதைச் சரிக்கட்ட ஒரு சுரத்தை எப்படி ரெண்டாகப் பிளப்பது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. ஒரு மனுஷனின் முழு வேலைக்காலமும் ஓரத்தில் கிடந்தது. அதனால் பழுது பார்க்கும்போது அச்சுக்கும் பென்சிலுக்கும் போட்டி வந்த இடத்திலெல்லாம் பென்சிலுக்கே விட்டுக்கொடுத்தேன்.

நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சிவப்பு, பாடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. நீலம், தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்வது. அமெரிக்க இசைக்குழு நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனும் ஏறக்குறைய இதே வழக்கம்தான் வைத்திருந்தார். வாத்தியக்காரர்களின் தாள்களில் ஏற்ற வேண்டியது சிவப்பில், தன் கைக்கானது நீலத்தில். நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழு தன் ஆவணக் காப்பகத்தில் அவர் குறி போட்ட இசைத்தாள்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறது. மாஸ்டர் அதைப் பார்த்துப் பழகியிருக்க வழியில்லை. ஆபீஸில் தணிக்கைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அந்த இருமுனைப் பென்சில் அவருக்கும் எளிதாகக் கிடைத்திருக்கும்.

மெசையாவில் வரும் அல்லேலூயா கோரஸின் பிரதி ஒன்றே போதும், மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும். அதில் அரசாட்சியைப் பாடும் பகுதி தொடங்கும்போது முதலில் நுழைவது பேஸ். பிறகு டெனர், ஆல்ட்டோ, சொப்ரானோ என்று குரல் ஏறிக்கொண்டே போகும். அந்த நுழைவின் மேல் பென்சிலில் ஒரு வேகம் எழுதி, அதை அடித்துப் பால்பாயிண்டில் குறைத்து எழுதி, அதன் மேல் சிவப்பில் இன்னும் குறைத்திருக்கிறார். வருஷம் ஏற ஏற வேகம் இறங்கியிருக்கிறது. அவருக்கு வயசானதா எங்களுக்கு வயசானதா என்பது தாளில் இல்லை. கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் எல்லாக் குரலும் வாத்தியமும் சட்டென்று நிற்கிற ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே யாராவது ஒருத்தர் தனியாகக் குரல் கொடுத்து மாட்டிக்கொள்வது எந்த ஊர் கொயரிலும் நடப்பதுதான். அந்த நிறுத்தத்தின் மேல் சிவப்பில் ஒரு கை வரைந்திருக்கிறது. அதற்குக் கீழே நீலத்தில், "பேஸைப் பார்." அதைப் படித்துவிட்டுப் பட்டறையில் தனியாகச் சிரித்தேன்.

எந்தக் குறி முந்தியது என்று கண்டுபிடிக்கத் தாளே கொஞ்சம் உதவியது. விலை முத்திரையில் ரூபாய், அணா, பை என்று மூன்று எண் இருந்தால் அந்தப் பிரதி பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன் கடைக்கு வந்தது. அட்டையில் ஷில்லிங் விலை அச்சாகியிருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்திய அச்சு. அதற்குப் பிறகு பிரிட்டனில் புது பென்ஸ் வந்துவிட்டது. முகவரி ரப்பர் ஸ்டாம்பில் மெட்ராஸ் ஸ்டேட் என்று இருந்தால் 1969-க்கு முன் செய்த ஸ்டாம்ப். பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். படிவங்களில் சவுத் இந்தியன் ரயில்வே என்று தலைப்பு இருப்பவை 1951-ல் சதர்ன் ரயில்வே உருவாகும் முன் அச்சடித்தவை. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். படிவம் பழசு என்பதற்காக அதன் பின்பக்க எழுத்தும் அவ்வளவு பழசு என்று சொல்லிவிட முடியாது. செல்லாமல் போன படிவம்தான் குமாஸ்தா வீட்டுக்குக் கட்டாக வந்து சேரும். ஆக, இதெல்லாம் ஒரு பக்க எல்லையை மட்டும் காட்டும். தாளைக் கையில் எடுக்கும் முன்பே இந்த முத்திரைகளைப் படம் எடுத்துவைத்தேன். பழுது பார்க்கையில் முதலில் போவது இவைதான்.

கை வைக்கும் முன் மை சோதனை. சைக்ளோஸ்டைல் மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. பால்பாயிண்ட் தண்ணீருக்குத் தாங்கும், ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் பரவிவிடும். ஃபவுண்டன் பேனா நீலம் ஈரத்துக்கே ஓடும். இவற்றை எல்லா பைண்டரும் அறிவார். நான் பயந்தது காப்பியிங் பென்சிலுக்கு. ரயில்வேயில் அது சகஜமாகப் புழங்கியது. கிராஃபைட்டோடு சாயம் கலந்த பென்சில். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரியே சாம்பல் நிறம், ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பொங்கித் தாளெல்லாம் பரவும். லென்ஸ் வைத்து, எழுத்தின் வால் முனையில் ஈரப் பஞ்சு நுனியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். படிவத் தாள்களில் பலதும் ஊதா காட்டின. பசையே ஈரம்தானே. ஆகவே அந்தத் தாள்களில் எழுத்துக்கு மேல் பசை படக்கூடாது, கிழிசல் எழுத்தைக் குறுக்கே வெட்டியிருந்தால் ஒட்டவே கூடாது. மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் போதும் என்று விட்டுவிட்டேன். தாளைக் கழுவி அமிலம் நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

தூசி எடுக்க மென்மையான பிரஷ் மட்டும். ரப்பர் தொடவே இல்லை. அழுக்கோடு குறியும் போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாஸ்டரே ரப்பர் வைத்து அழித்த இடங்கள் இருக்கின்றன. அங்கே பென்சில் அழுத்திய பள்ளம் இன்னும் மிச்சம். விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடித்தால் அழிந்த எழுத்து நிழலாக எழுந்து வரும். ஒரு டெனர் பாடகரைத் தனிப்பாட்டுக்குப் போட்டு, பிறகு எடுத்துவிட்டு, வேறொருவரைப் போட்டது இப்படித்தான் தெரிந்தது.

செலோடேப்தான் உயிரை எடுத்தது. பழைய டேப்பில் பிளாஸ்டிக் தானாக உரிந்து வந்துவிடும். அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகி, எதிர்ப்பக்கம் வரை எண்ணெய் மாதிரி ஊடுருவியிருக்கும். இன்னும் பிடித்திருந்த டேப்பை ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி, மெல்லிய தகட்டைக் கிடைமட்டமாக நுழைத்துத் தூக்கினேன். பிசுபிசுப்பை கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுத்தேன், அதுவும் பென்சில் இல்லாத இடத்தில் மட்டும். தாளுக்குள் இறங்கிய பழுப்பை எடுக்க தின்னர் வேண்டும். பால்பாயிண்ட் பக்கத்தில் இருக்கையில் அந்த ஆசையே வேண்டாம் என்று விட்டேன். கறை இருக்கட்டும்.

ஒரு பக்கத்தில் அவர் டேப்பின் மேலேயே எழுதியிருக்கிறார். கிழிந்ததை ஒட்டிவிட்டு, ஒத்திகை நடந்துகொண்டே இருந்திருக்கும். டேப் மேல் பால்பாயிண்டில் ரெண்டு மூச்சுக் குறி, "மெதுவா" என்று ஒரு சொல். டேப்பை எடுத்தால் சொல் போகும். எடுக்காவிட்டால் டேப் தாளைத் தின்னும். படம் எடுத்துவிட்டு, டேப்பை அப்படியே விட்டு, அந்தப் பக்கத்தைத் தனி உறைக்குள் போட்டுவிட்டேன். வேறொரு கைதேர்ந்தவர் வந்து இதைவிட நல்ல வழி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஒட்டும் வேலை. நாங்கள் பட்டறையில் காய்ச்சும் மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவோம். பேரேட்டு அட்டைக்கு அது சரி. துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு நாளடைவில் தாளை நொறுங்க வைக்கும். இந்த வேலைக்கு மைதாவை உருட்டித் தண்ணீரில் பிசைந்து கழுவி, ரப்பர் போல் மிஞ்சும் பசைப்பொருளை ஒதுக்கி, அடியில் தங்கிய வெள்ளை மாவை மட்டும் எடுத்தேன். அதை ஐந்து பங்கு தண்ணீரில் அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, வடிகட்டி வைத்துக்கொண்டேன். பதம் எனக்குச் சொன்னவர் சென்னிமலையில் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய ஒரு நெசவுக்கார அம்மா. "வெளுப்பு மாறி ஊடு தெரியோணுங்க, அப்பத்தான் வெந்துச்சுன்னு அர்த்தம்" என்றார். புத்தகத்தில் படித்ததைவிட அது சரியாக இருந்தது. துத்தம் இல்லாத பசை சீக்கிரம் புளித்துவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சினேன்.

கிழிசலுக்கு ஜப்பான் டிஷ்யூ, சதுர மீட்டருக்குப் பத்து கிராம் சுமாருக்கான மெல்லிய தாள். இதைக் கத்தரியால் வெட்டக்கூடாது. நனைத்த பிரஷால் கோடு இழுத்து, ஈரக் கோட்டில் கையால் பிய்க்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் பிடிக்கும், ஒட்டின இடத்தில் மேடும் தெரியாது. பசையை நீர்க்கத் தடவி, மேலே பேக்கரி பட்டர் பேப்பர், அதற்கு மேல் மை ஒற்றும் தாள், பிறகு கண்ணாடித் துண்டும் எடையும். ஈரோட்டில் சித்திரை வெயிலில் இந்த வேலை ஆகாது. பசை பட்டதும் காய்ந்து தாள் சுருண்டுகொள்கிறது. ஆடியிலோ, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை மூடினாலும் எங்கிருந்தோ நுழைந்து டிஷ்யூவைத் தூக்கிக்கொண்டு போகும். விடிகாலையில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால்தான் சரிப்படும்.

கம்பிப் பின்கள் துருப்பிடித்து முதுகு மடிப்பைத் தின்றிருந்தன. வெளியிலிருந்து பிடுங்கினால் மடிப்பும் சேர்ந்து வரும். உள்பக்கம் மடங்கிய கால்களை மெல்ல நிமிர்த்தி, பிறகே வெளிப்பக்கம் தள்ள வேண்டும். மடிப்பை உள்ளிருந்து டிஷ்யூப் பட்டையால் கட்டி, பழைய துளைகளிலேயே வெளுக்காத பருத்தி நூலால் தைத்தேன். எங்கள் வழக்கமான பக்கத் தையலைப் போட்டால் நோட்டு ரொம்ப உறுதியாக நிற்கும், ஆனால் ஸ்டாண்டில் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும், உள்ளோரத்தில் எழுதியதும் தையலுக்குள் புதைந்துபோகும். பாட்டுப் பிரதி மல்லாந்து படுக்க வேண்டும். மேலே சோமனூர்க் காடாத் துணியை முதுகில் ஏற்றிய தனி உறை. பழைய அட்டை உள்ளே அப்படியே இருக்கிறது. நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களையும் நாய்க்காதுகளையும் வெட்டவில்லை, நிமிர்த்தியதோடு சரி.

படமெடுப்பதைப் பற்றி இதை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். போனில் இருக்கும் ஸ்கேன் ஆப்கள் தாளை வெளுப்பாக்குவதில் கெட்டிக்காரர்கள். மங்கலான பென்சிலை நிழல் என்று நினைத்துத் துடைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். யாருக்குச் சொன்னது எது என்ற பாகுபாடே போய்விடும். கலரில், 400 டிபிஐ, சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பு. முதுகு அமுங்கக்கூடாத பிரதிகளுக்கு மேலிருந்து கேமரா, ரெண்டு பக்கமும் சாய்வாக விளக்கு. கிராஃபைட் பளபளத்து எழுத்தே வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கின் கோணத்தை மாற்ற வேண்டும். ஓரம் முழுக்க வருமாறு தாளைவிடப் பெரிய சட்டகமாக எடுத்தேன்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டு, தமிழ்க் கீர்த்தனைகளுக்கு அவர் நாலு குரல் அமைத்துப் பார்த்த தாள்கள். சங்கராபரணத்தில் அமைந்த பாட்டுகளுக்கு அமைத்திருக்கிறார். சங்கராபரணமும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் சுர அடுக்கில் ஒன்று என்பதால் அது உட்கார்ந்துகொள்கிறது. ஆனந்த பைரவியில் ஒரு பாட்டுக்கு ரெண்டு வரி வரை ஆல்ட்டோவும் டெனரும் எழுதி, குறுக்குக் கோடு போட்டு, "ஒரே குரல் போதும்" என்று நிறுத்திவிட்டார். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. கமகம் அசையும் இடத்தில் மற்ற மூன்று குரலும் மரம் மாதிரி நின்றால் பாட்டு கெட்டுப்போகும். இன்றைக்குக் கீபோர்டு வைத்துக்கொண்டு எல்லா ராகத்துக்கும் பல சுரங்களைச் சேர்த்துக் கார்டு (chord) அடிக்கிற பிள்ளைகள் அந்தக் குறுக்குக் கோட்டை ஒரு தடவை பார்க்கலாம்.

குறிப்புகளில் ஆட்களின் பெயரும் இருக்கிறது, அவர்களைப் பற்றிய அபிப்பிராயமும் இருக்கிறது. சிலது கடுசு. அவர்களில் பலர் இன்னும் ஞாயிறு தோறும் சர்ச்சுக்கு வருகிறவர்கள். அதனால் ரெண்டு தொகுதி: எல்லாமும் உள்ளது வீட்டம்மாவிடம், பெயர்களை மறைத்த நகல் பாடகர் குழுவுக்கு. "அவரு வெச்ச பேரையெல்லாம் மறைச்சா பாதி நோட்டு காலியாயிருமே தம்பி" என்று சிரித்தார். இறந்து அறுபது வருஷம் ஆகாத இசையமைப்பாளர்களின் அச்சுப் பிரதிகள் நம் சட்டப்படி இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. அவை வீட்டுத் தொகுதியோடு நிற்கின்றன, நகல் வெளியே போகவில்லை.

புது மாஸ்டர் கேட்டுவந்தது அல்லேலூயாவின் வேகத்தைத்தான். மூன்றில் எதை எடுக்கட்டும் என்றார். இப்போதைய பேஸ் வரிசையைப் பார்த்துவிட்டு, சிவப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மிச்சமிருப்பது சைக்ளோஸ்டைலின் மூல ஸ்டென்சில்கள். கட்டாக ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன; இந்த வெயிலில் கை வைத்தால் இளகி இன்னும் ஒட்டும். மார்கழியில் பிரித்துப் பார்க்க வேண்டும். நகல் தாள்களில் சில பாட்டுகளுக்கு ஆல்ட்டோ பக்கமே காணோம். அது அந்தக் கட்டுக்குள் இருந்தாலும் இருக்கும்.